பழக்கிய சாடிகள்

சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தாலே ஜப்பான்காரன் காலத்தில் நான் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவேன். கோத்தா திங்கிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து மூன்றே மாதத்தில் பதினேழு ஆண்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம். போனவர்களில் ஒருத்தரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பாதி வீடுகளில் பெண்டு பிள்ளைகள்தான் மிச்சம். என் வீட்டில் ஆம்பிளை மிச்சம் இருந்ததற்கு ஒரே காரணம், அவருக்கு வாலை இறக்கத் தெரியும் என்பதுதான்.

அவர் பெயர் சதாசிவம். அப்போதெல்லாம் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. இப்போது எனக்கு வயதாகிவிட்டது, என்னைக் கேட்க ஆள் இல்லை, சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பரைச் சீந்துவார் இல்லை. ஜப்பான்காரன் கேட்டதெல்லாம் செராய் என்ற வாசனைப் புல்லின் எண்ணெய். உடம்பில் தடவிக்கொண்டால் கொசு அண்டாது. புல்லைச் செம்பு அண்டாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, கீழே தீ வைக்க வேண்டும். ஆவி குழாய் வழியாக ஏறி, ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து, அந்தப் பக்கம் சொட்டும். சொட்டிய தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கும். அதை வழித்து எடுப்பதுதான் வாலை இறக்குவது. கேட்க எளிதாக இருக்கும். தீ கொஞ்சம் கூடினால் எண்ணெய் கருகி நாறும், குறைந்தால் ஒன்றும் வராது. என் வீட்டுக்காரர் குழாயில் கை வைத்துப் பார்த்தே தீயை ஏற்றுவார், இறக்குவார். பேச்சில் ஊமை, வேலையில் புலி. எங்கள் வீட்டில் பேச்சுக்கு நான் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

முதலில் எண்ணெயைத் தகர டின்களில் அடைத்து அனுப்பினோம். அப்புறம் பட்டாளத்துக்கு வேண்டுமென்று டின்களை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு யோங் பெங் பக்கத்துச் சீனர் சூளையிலிருந்து பத்து மண் சாடிகள் வந்தன. அவசரத்தில் சுட்டவை, மெருகு கிடையாது. முதல் சாடியில் கழுத்து வரை ஊற்றிய எண்ணெய் மறுநாள் காலையில் நாலு விரல் இறங்கியிருந்தது. சாடி குடித்துவிட்டது. வெளிப்பக்கம் தொட்டால் கை பிசுபிசுத்தது.

அவர் முகம் செத்துப்போனது. அளவு குறைந்தால் திருட்டு என்பார்கள். திருட்டு என்றால் லோரி. அன்றைக்கே அவருக்குக் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டார்.

அவர் படுத்திருந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். புதுச் சட்டி வாங்கினால் எந்தப் பெண்பிள்ளையாவது அப்படியே அடுப்பில் ஏற்றுவாளா? கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி, இளஞ்சூடு காட்டி, மறுபடி தடவிப் பழக்குவோம். பழக்கிய சட்டி குடிக்காது. வீட்டில் தலைக்கும் விளக்குக்கும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த தேங்காயெண்ணெயை எடுத்தேன். மிச்சமிருந்த ஒன்பது சாடிகளின் உள்ளேயும் கையை விட்டு, ஓர் இடம் விடாமல், தினம் இரண்டு வேளை என்று மூன்று நாள் தேய்த்தேன். அவர் எழுந்து வந்து, முதல் சாடியில் மிஞ்சியதையும் புதிதாக இறக்கிய எண்ணெயையும் அவற்றில் ஊற்றினார். ஒரு விரல்கூட இறங்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. நான் செய்ததை அவரிடம் சொல்லக்கூட இல்லை. சாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தச் சாடியெல்லாம் நல்லாச் சுட்டது போலருக்கு” என்றார். நான் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு ஒன்பதாவது சாடி நிறையும்வரை நிலைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தேனப்பன் கொட்டகைக்கு வந்தார். செட்டிநாட்டுப் பக்கத்து மனிதர். சண்டைக்கு முன்னால் கோத்தா திங்கிக் கடைத்தெருவில் வாசனைச் செண்டும் ஊதுவத்தியும் விற்றுக்கொண்டிருந்தவர். கடை குண்டில் போனது. ஜப்பான் பாஷை கொஞ்சம் படித்துக்கொண்டதால் தோட்டத்துக் கிராணியானார். எப்போதும் நிமிர்ந்து நடக்கிறவர் அன்றைக்குக் குனிந்து வந்தார்.

“சாஆ பக்கம் ஒரு தோட்டத்துல எண்ணெய திருப்பிட்டானுங்களாம்” என்றார். “பாதிக்குப் பாதி தேங்காயெண்ணெய ஊத்தி, வாசத்துக்குப் பழைய செண்டு கலந்திருக்காங்க. நல்ல எண்ணெய வெளிய வித்துட்டாங்கன்னு சொல்லி வாலைக்காரன், அவன் கூட நின்னவன் எல்லாரையும் சயாமுக்கு ஏத்திட்டானுங்க. புதுசா ஒரு ஆபிசர் வந்திருக்கான். வெள்ளிக்கிழமை இங்க வர்றான்.”

“வரட்டுங்க” என்றார் என் வீட்டுக்காரர். “நம்ம எண்ணெயில என்ன இருக்கு?”

“அதான் நானும் சொல்றேன். ஆனா அவன் எப்படிப் பாக்குறான் தெரியுமா?”

தேனப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதமும், விரல் நீளத்தில் ஒரு சின்னக் குப்பியும் எடுத்தார். கடையில் மிஞ்சிய ரோஜா செண்டாம். குப்பியைத் திறந்ததும் கொட்டகையில் புல்வாசத்தையும் மீறி மணத்தது. காகிதத்தில் அதை ஒரு சொட்டு வைத்தார். பக்கத்தில், குழாயிலிருந்து அப்போதுதான் இறங்கிய எங்கள் எண்ணெயை ஒரு சொட்டு. காகிதத்தை அடுப்பு மேடையின் வெதுவெதுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

ஒரு வெற்றிலை போடும் நேரம் இரண்டு மூன்று போயிருக்கும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்கள் சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. ரோஜா விழுந்த இடம் பலகாரம் மடித்த காகிதம் போல எண்ணெய் ஊறிக் கிடந்தது.

“ரெண்டுக்கும் பேரு எண்ணெய்தான். ரெண்டும் மணக்கும்” என்றார். “ஆனா இது புல்லுக்குள்ள இருந்தது. ஆவியா ஏறி வந்தது, ஆவியாவே போயிரும். மிச்சம் வைக்காது. நான் வித்தது அப்படி இல்ல. வாசத்த எங்கயோ பேக்டரியில மருந்து கலந்து செய்வான். அத வேற ஒரு எண்ணெயில ஊத்திக் குப்பியில அடைப்பான். இந்த ரோஜாவுக்கு ரோஜாப் பூவக் கண்ணால பாத்த பழக்கமே கிடையாது. வாசம் பறந்துரும், எண்ணெய் காகிதத்துலயே குந்திக்கும். அந்தக் கறையத்தான் அவன் தேடுறான்.”

நான் சாடிகளைப் பார்த்தேன். ஒன்பதும் வரிசையாக, வாய் கட்டி, நான் பழக்கிய பழக்கத்தில் ஒரு சொட்டுக் கசிவில்லாமல் நின்றன.

“கிராணி ஐயா, சாடியில இருந்து ஒரு சொட்டு வச்சுப் பாருங்க” என்றேன்.

வைத்தார். காத்திருந்தோம். வெளிச்சத்தில் பிடித்தபோது காகிதத்தில் ஒரு வளையம் தெரிந்தது. ரோஜா அளவுக்கு இல்லை. ஆனால் குருடன்கூட விரலால் தடவிச் சொல்லிவிடுவான்.

தேனப்பன் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவரோ சாடியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், வாய் கோணிப்போய் நின்றார். நான் உடைந்துபோய்ச் சொல்லிவிட்டேன். தேங்காயெண்ணெய், மூன்று நாள், ஆறு வேளை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் கைகளையே பார்த்தேன். இந்தக் கைகளாலேயே என் புருஷனை லோரியில் ஏற்றப்போகிறேன் என்று தோன்றியது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஒரு சாடியின் வாய்க்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

“மறுபடி எறக்கலாம். அண்டாவுல தண்ணிய ஊத்தி, இந்த எண்ணெய மேல ஊத்தி, தீ வச்சா நம்ம எண்ணெய் மட்டும் ஆவியில ஏறி வந்துரும். தேங்காயெண்ணெய் ஏறாது, அடியிலயே கெடக்கும்.”

“எறக்கி எதுல ஊத்துறது? இந்தச் சாடியிலயேவா?” என்றார் தேனப்பன்.

லயத்தில் எந்தெந்த வீட்டில் பித்தளைக் குடம் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். ஓடினேன். எதற்கென்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்தக் காலத்தில் கேட்காமல் இருப்பதுதான் ஒருவருக்கொருவர் செய்த உதவி. ஒரு சாடியைத் திரும்ப இறக்க அரை நாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு முடியும், ராத்திரியும் கொஞ்சம் இழுத்து எரித்தால் எட்டு. விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். விறகு நனைந்திருந்தது, புகைந்தது, அவருக்கு இருமல் வந்தது. நான் ஊதினேன். செவ்வாய் முடிந்து இரண்டு குடம் நிறைந்தது.

புதன்கிழமை காலையில் லோரி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்று சொன்னவன் புதன்கிழமையே வந்தான். சொன்ன நாளில் வருவது அவர்கள் பழக்கம் இல்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? லோரியின் பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள்தான், வேறு தோட்டம். கைகள் கட்டியிருந்தன. ஒருவரும் தலை தூக்கவில்லை.

“கேட்டா நான் பேசிக்குறேன்” என்றார் என் வீட்டுக்காரர், அடுப்பைப் பார்த்தபடியே. “நீ வாயத் தொறக்காத, வெள்ளையம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

ஆபிசர் ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தான். கத்தவில்லை. கத்துகிறவனைப் பார்த்திருக்கிறேன், அவன் களைத்துப்போய் நிறுத்துவான். இவன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, கொட்டகைக்குள் வந்து, மூச்சை இழுத்து, நல்ல வாசனை என்பது போலத் தலையாட்டினான். பிறகு காகிதத் துண்டுகளை எடுத்தான். எங்களிடம் நிறைந்திருந்த எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒவ்வொரு சொட்டு. இரண்டு குடம், ஏழு சாடி. ஒன்பது துண்டையும் அடுப்பு மேடையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு காத்திருந்தோமே, அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிப்பாய்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு வாசலில் நின்றார்கள். தேனப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடைத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. லோரியில் யாரோ இருமினார்கள். என் வீட்டுக்காரர் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மூத்திரம் முட்டியது, கேட்கப் பயம். காகிதங்கள் காயவே கூடாது என்று மாரியாத்தாளை வேண்டினேன். காய்ந்தன.

இரண்டு துண்டு சுத்தம். ஏழில் கறை.

ஆபிசர் எழுந்து என் வீட்டுக்காரரிடம் வந்து, அமைதியாக ஏதோ கேட்டான். தேனப்பன் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஓர் அறை விழுந்தது. அவர் சுருண்டு விழுந்தார். எழுந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, “தப்புதான். நான்தான் கலந்தேன்” என்றார். எனக்காகச் சொன்னார். தேனப்பன் அதை ஜப்பான் பாஷையில் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன்.

“அவரு ஒண்ணும் கலக்கல. சாடியப் பழக்குனது நான். சாடி எண்ணெயக் குடிச்சுச்சு, அதான் தேங்காயெண்ணெய் தடவுனேன். புதுச் சட்டிய எங்க ஊருல எல்லாரும் பழக்குவோம். வேணும்னா அவன் வீட்டுப் பொம்பளையக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

தேனப்பன் சொன்னார். கடைசி வாக்கியத்தை விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆபிசர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நம்பவில்லை. ஆனால் அவனுக்குச் சோதித்துப் பார்க்கிற கிறுக்கு இருந்தது. சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருப்பான் என்று தேனப்பன் பின்னால் சொன்னார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கொண்டுவரச் சொன்னான். சாடியிலிருந்து ஒரு கரண்டி எண்ணெயைத் தட்டில் ஊற்றி, கொதிக்கும் பானையின் மேல் வைத்தான். தேனப்பன் முணுமுணுத்தார்.

“எவ்வளவு மிஞ்சுதுன்னு பாக்குறான். விக்கிறதுக்காகக் கலந்திருந்தா கால் கரண்டியாவது தட்டுல நிக்கும். தடவுனது மட்டும்னா ஒரு சொட்டு.”

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் எவ்வளவு தேய்த்தேன்? சாடிகள் எவ்வளவு குடித்தன, எவ்வளவை எண்ணெயில் கக்கின? யாருக்குத் தெரியும்? நான் தாராளக் கை. குழம்புக்குக்கூட அளந்து ஊற்றத் தெரியாதவள் என்று மாமியார் ஏசுவாள். தட்டில் ஆவி ஏறிக்கொண்டே இருந்தது. கொட்டகை முழுக்க மணத்தது. மணம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆபிசர் தட்டை ஒரு துணியால் பிடித்து எடுத்து, சாய்த்தான்.

ஓரத்தில் ஒரு சொட்டு ஓடி வந்து நின்றது. ஒரே ஒரு சொட்டு. விரலால் தொட்டு மோந்து பார்த்தான். தேங்காய்.

அவன் சிரித்தான். தேனப்பனிடம் ஏதோ சொன்னான். தேனப்பன் முகத்தில் ரத்தம் திரும்பியது. “திருட்டு இல்லியாம்” என்றார். “படிக்காத பொம்பளையோட முட்டாள்தனமாம். எல்லாத்தையும் மறுபடி எறக்கிக் கொடுக்கணுமாம். விட்டுட்டான், வெள்ளையம்மா.”

அதோடு நான் கும்பிட்டுவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். எந்தப் பெண்பிள்ளையும் ஒதுங்கியிருப்பாள். ஆனால் பயம் இறங்கிய உடம்பில் கோபம் ஏறிக்கொண்டது. முட்டாள் என்கிறான். என் புருஷனை ரத்தம் வர அறைந்துவிட்டு, சிரிக்கிறான். அவர் உதட்டைப் பார்த்தேன், என்னால் அடக்க முடியவில்லை.

“நான் முட்டாளாவே இருந்துட்டுப் போறேன். ஆனா எங்க வீட்டுக்காரரு எறக்குன எண்ணெய அந்தக் குடத்துல ஆபிசரு பாத்தாருல்ல? ஒரு மாசு இருந்துச்சா? மூணு மாகாணம் தேடுனாலும் இவர மாதிரி வாலை எறக்க ஆளு கெடைக்காது. குழாயத் தொட்டே தீ சொல்லுவாரு. கெட்டுப்போன எண்ணெயக்கூடத் திரும்ப நல்ல எண்ணெயா ஆக்கிக் கொடுப்பாரு. அடிக்கிறதுக்கு முன்னால அதத் தெரிஞ்சுக்கச் சொல்லுங்க.”

தேனப்பன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஆபிசரிடம் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுத் தலைகுனிந்தார்.

நான் அவ்வளவு பேசியிருக்கிறேன், அவர் இரண்டு வார்த்தையில் முடிக்கிறார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “முழுசாச் சொல்லுங்க கிராணி ஐயா” என்றேன். “ஏன் முழுங்குறீங்க?”

“வேணாம்மா. போதும் லா” என்றார், உதடு அசையாமல்.

ஆபிசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தேனப்பனிடம் கூர்மையாக ஒன்று கேட்டான். அதற்குப் பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்தி, முழுதும் சொன்னார். ஆபிசர் நடுவில் இரண்டு கேள்வி கேட்டான். குடத்துக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான். என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, பெயர் கேட்டு எழுதினான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மரியாதை செய்கிறான் என்றே நினைத்தேன்.

தேனப்பன் தமிழில் சொன்னபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“சயாம்ல ரயில் பாதைப் பக்கம் கொசுக் காய்ச்சல்ல அவங்க ஆளுங்களே சாகுறாங்களாம். அங்கயும் இந்தப் புல்லு மண்டிக் கெடக்காம். எறக்கத் தெரிஞ்ச ஆளு இல்லியாம். சதாசிவத்த இன்னிக்கே கூட்டிட்டுப் போறாராம்.” கொஞ்சம் நிறுத்தினார். “தண்டனை இல்லியாம். பெரிய மரியாதையாம்.”

நான் தரையில் விழுந்து ஆபிசரின் காலைப் பிடித்தேன். இவருக்கு ஒன்றும் தெரியாது, நான் பொய் சொன்னேன், வாயாடி, பைத்தியக்காரி என்று கத்தினேன். தேனப்பன் அதையும் சொன்னார், முழுசாகச் சொன்னார். ஆபிசர் குடத்தைக் காட்டினான். அதற்குமேல் எந்தப் பேச்சும் எடுபடவில்லை.

என் வீட்டுக்காரர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் போட விரல் வரவில்லை, நான் போட்டுவிட்டேன். “புள்ளைங்கள ஆத்துப் பக்கம் விடாத” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கையை மட்டும் கட்டவில்லை. லோரியில் அவருக்கு முன்பக்கம், டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

அவர் இல்லாமல் மிச்ச ஏழு சாடியையும் நான்தான் திரும்ப இறக்கினேன். இரண்டைக் கருக்கிவிட்டேன், யாரும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தாலும் அவரை என்றைக்காவது கொண்டுபோயிருப்பார்கள் என்று தேனப்பன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் நம்பியது இல்லை. சண்டை முடிந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக நாலு பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர்கூட வாலைக்காரர் ஒருவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

அன்றைக்கு லோரி கிளம்புவதற்கு முன்னால் ஒரு சிப்பாய் வந்து என் காலடியில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனான். நல்ல ஆளைக் கொடுத்ததற்கு ஆபிசர் தந்த வெகுமதி என்றார் தேனப்பன். வெள்ளை அரிசி. நாங்கள் ஒரு வருடமாக மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு கண்டதில்லை. ஆற்றில் வீசத்தான் தூக்கினேன். பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று பையையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே போய் உலை வைத்தேன். அவர்களுக்குப் போட்டேன், மிச்சத்தை நானும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.